பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் செலவு பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் இருந்துகொண்டு குளச்சல், கருங்கல், குலசேகரம், நாகர்கோவில் என்று வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சரிசெய்வது என் தொழில். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மெஷின்கள் மாறின, கேள்விகள் மாறவில்லை. ஒரே பதிலை ஒரு நாளைக்கு நாலு பேரிடம் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"ஆன் பண்ணிட்டு கட்டன்சாயா போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. சவத்தைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கட்டா?"

பொறுங்கள். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மெஷின் திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு (கணக்குப் போடும் ப்ராசசர்), மெமரி (ராம், வேலை நடக்கும்போது எடுத்து வைக்கும் தற்காலிக இடம்), டிஸ்க் (ஃபைல்கள் நிரந்தரமாக இருக்கும் இடம்) என்று மூன்று எண்கள் ஓடும். டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நின்றுகொண்டு சிபியு சும்மா 10, 15 என்று இருந்தால் உங்கள் மெஷின் கிழடாகவில்லை, உள்ளே சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. நான் போகிற பத்து வீட்டில் ஏழெட்டில் இதுதான் கதை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது (லேப்டாப்பில் பெரும்பாலும் 5400), அதன்மேல் ஒரு ஊசி அங்கும் இங்கும் ஓடி ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுக்கிறது. அப்படி இடம் மாறி மாறித் தேடினால் ஒரு நொடிக்கு நூறு துண்டு எடுப்பதே பெரிய காரியம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் சுற்றுகிற சாமானே கிடையாது, அதே நொடியில் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துவிடும். விண்டோஸ் எழும்பும்போது வேண்டியதெல்லாம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள்தான். அதனால்தான் எஸ்எஸ்டி போட்டதும் நாலு நிமிஷம் அரை நிமிஷம் ஆகிறது.

"எஸ்எஸ்டி, ராம் ரெண்டுல எதை முதல்ல போடணும்? ரெண்டுக்கும் ஒண்ணா பைசா இல்ல."

எஸ்எஸ்டி. 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள மெஷின், 8 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினைவிட வீட்டு வேலைக்கு நன்றாக ஓடும். ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கைத்தான் கடன் கேட்கும், டிஸ்க் வேகமாக இருந்தால் அந்தக் கடனும் அவ்வளவாக உறைக்காது.

விதிவிலக்கு உண்டு. 2 ஜிபி ராம்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி மட்டும் போட்டுப் பயனில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 90-க்கு மேல் நின்றாலும் ராம் வேண்டும். அப்புறம், விண்டோஸ் 32 பிட் ஏற்றியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ராம் குத்தினாலும் அதற்குக் கண் தெரியாது. கருங்கலில் ஒருவர் 8 ஜிபி வாங்கிப் போட்டுவிட்டு, 3 சொச்சம்தான் காட்டுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கே கிளம்பிவிட்டார். பாவம் கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

"எனக்க மெஷின் எத்தனாவது ஜெனரேஷன்னு எப்படிப் பார்க்கது?"

மை கம்ப்யூட்டர் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள். ப்ராசசர் என்ற வரியில் ஐ3-4130 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 4, அது நாலாவது ஜெனரேஷன். ஐ5-8500 எட்டாவது. ஐந்து எண் இருந்தால் முதல் இரண்டு, அதாவது ஐ5-10400 பத்தாவது. ஐ3, ஐ5 என்று போட்டு மூன்றே எண் இருந்தாலோ, கோர் 2 டியோ, பென்டியம் டூயல் கோர் என்று இருந்தாலோ அது இந்தக் கணக்குக்கே முந்தியது.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிப் பதில் இதை வைத்துத்தான். எனக்குப் போன் செய்கிறவர்களும் "கறுப்புக் கலர் டெல்" என்று சொல்வதற்குப் பதில் இதைச் சொன்னால் இருவருக்கும் புண்ணியம்.

"பத்து வருஷ மெஷின். எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?"

தொகையைக் கேட்காதீர்கள், வாங்கும் சாமானைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இந்த மெஷின் செத்தால் இது என்கூட வருமா? எஸ்எஸ்டி வரும். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் வரும். பழைய டிடிஆர்3 வகை ராம் வராது, புது போர்டில் (எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு) அதற்கு இடமே கிடையாது, காடி வெட்டியிருக்கும் இடமே வேறு. பழைய ப்ராசசர் வராது. கூட வருகிறதில் தாராளமாகச் செலவு செய்யலாம், வராததில் கை இறுக்கமாக இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டு மெஷினுக்கு ராம், ப்ராசசர், ஃபேன் எல்லாம் மாற்றிப் பறக்கவிட்டேன். ஆறு மாசத்தில் போர்டு போயிற்று. மாற்றியதில் ஒரு ஸ்க்ரூகூட அடுத்த மெஷினுக்கு ஆகவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னொன்று. போர்டை மாற்ற வேண்டி வந்தால் ப்ராசசர், ராம் இரண்டும் அதோடு மாறும், சில சமயம் எஸ்எம்பிஎஸ்ஸும் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி). அதற்கு அப்கிரேடு என்று பெயர் சொன்னாலும் அது புது மெஷின் வாங்குவதுதான், பழைய டப்பாவுக்குள்.

"விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுன்னு ஸ்க்ரீன்ல வருது. மெஷின் நின்னு போயிருமா?"

நிற்காது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது, அவ்வளவுதான். மெஷின் ஓடும், ஆனால் புதுப்புது ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. வீட்டு மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு. அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரும் வழி வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கேட்காது. சேர்ந்துவிடுங்கள்.

விண்டோஸ் 11-க்குப் போக இன்டெல் என்றால் எட்டாவது ஜெனரேஷன் முதல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல் என்று சொல்வார்கள், ஆனால் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி இரண்டும் எண்ணில் 2 இருந்தாலும் உள்ளே பழைய வடிவம், பட்டியலில் இல்லை. இதற்கு நேர்மாறாக, எட்டாவது ஜெனரேஷன் மெஷின் வைத்திருந்தும் "உங்கள் கம்ப்யூட்டர் தகுதியில்லை" என்று பார்த்துப் பயந்தவர்கள் பலர். பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன் வரும் செட்டிங்ஸ்) பிடிடி என்ற டிபிஎம் வசதி அணைந்து கிடக்கும், அதை ஆன் செய்தால் தீர்ந்தது. அதற்காகப் போய் புது மெஷின் வாங்கிவிடாதீர்கள்.

"யூடியூப் பார்த்து ஆறாவது ஜெனரேஷன்லயே விண்டோஸ் 11 ஏத்திட்டேன். நல்லாத்தானே ஓடுது?"

ஓடும். நானும் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டு. தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் தர வேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மாதாந்தர அப்டேட் வரும், வருஷாந்தரப் பெரிய அப்டேட்டைக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு கோர் 2 டியோ காலத்து மெஷின்களில் எழும்பவே எழும்பாது, அதற்கு வேண்டிய ஒரு கட்டளையே அவற்றின் ப்ராசசரில் கிடையாது. படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்றால் இருக்கட்டும். பேங்க் வேலை, கடைக் கணக்கு என்றால் நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

"லினக்ஸ் போட்டா புதுசு மாதிரி ஆயிருமாமே?"

புதுசு ஆகாது, லேசாகும். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 4 ஜிபி ராமில் ஒழுங்காக ஓடும், அப்டேட் தொடர்ந்து வரும், வைரஸ் தொல்லை குறைவு. பிரவுசரில் எல்லா வேலையும் முடிகிற வீட்டுக்கு, அதாவது மெயில், யூடியூப், கரண்ட் பில், பிள்ளைகளின் ரிசல்ட் பார்க்கிற வீட்டுக்கு அது தாராளம். தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்தான், முதல் கேள்விக்குச் சொன்னது லினக்ஸுக்கும் பொருந்தும்.

யாருக்கு ஆகாது என்றால் டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள், இ-சேவை வேலைக்கு ரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் குத்துகிறவர்கள், டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைப்பு) செய்கிறவர்கள். இவர்களிடம் லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் மறுநாள் காலையில் போன் வரும், நான் எடுக்க மாட்டேன்.

"பிள்ளைக்க கவர்மென்ட் லேப்டாப் பரண்ல கிடக்கு. அதுக்கு ஏதாவது செய்யலாமா?"

2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்தவை நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு கிடக்கின்றன. என் கைக்குப் பெரும்பாலும் வருவது 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ளவை. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும், சென்னை சி-டாக் உருவாக்கியது, பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இதில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு மேலே சொன்ன மின்ட் ஏற்றினால் அம்மா சீரியல் பார்க்க, சின்னப் பிள்ளை தட்டச்சுப் பழக நன்றாக வரும்.

பரணில் இருந்து எடுத்தவுடன் சார்ஜரைக் குத்தாதீர்கள். அடியில் பேட்டரி உப்பியிருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், குத்தவோ அமுக்கவோ வேண்டாம். பேட்டரி இல்லாமலேயே சார்ஜரில் ஓடுகிற லேப்டாப்கள்தான் பெரும்பாலும். ஒன்று மட்டும்: இந்த லேப்டாப்புக்குப் பேட்டரி, ஸ்க்ரீன், கீபோர்டு என்று மூன்றும் மாற்ற வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

"எங்க வீடு குளச்சல்ல கடலுக்குப் பக்கம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவ போர்டு போவுது. எங்க ராசியா?"

ராசி இல்லை, உப்பு. முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் என்று கரையோரம் எங்கே போனாலும் இதே புலம்பல்தான். உப்புக் காற்று ஈரத்தை இழுத்துப் பிடித்து போர்டின் மேல் ஒரு மெல்லிய படலமாக உட்காரும். செம்பு பச்சை பூக்கும், ராம் குத்துகிற இடத்தில் தொடர்பு விட்டுப்போகும். போன ஆனியில் ஒரு வீட்டில் கேபினெட்டைத் திறந்தேன், பின்பக்க ஸ்க்ரூ நாலும் துருப்பிடித்துத் தலையே கரைந்திருந்தது, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவில்லை. உள்ளே எஸ்எம்பிஎஸ் ஓரமாக எறும்பு முட்டையோடு குடியிருந்தது. மெஷின் இருந்த இடம் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் கீழே.

இடத்தை மாற்றுங்கள், செலவில்லாத அப்கிரேடு அதுதான். கடல் பார்க்காத உள்ளறை, தரையிலிருந்து ஒரு அடி உயரம். மழைக்காலத்தில், குறிப்பாக இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) நேரத்தில் வாரக்கணக்கில் மூடி வைக்காமல் தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள், உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே புழுங்கும், துணி போதும். கரையோரம் இருப்பவர்களுக்கு நான் விலை கூடிய போர்டு சொல்வதே இல்லை. சுமாரான மெஷின், நல்ல எஸ்எஸ்டி, பக்கத்திலேயே ஒரு பேக்கப்.

"கடையில காட்டினேன், போர்டு போச்சுங்காங்க. நம்பலாமா?"

நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். போர்டு போனதுபோலவே நடிக்கிற கோளாறுகள் சில உண்டு, அவற்றை முதலில் கழித்துவிடுங்கள். மெஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டு படம் வராவிட்டால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்துத் திரும்பக் குத்துங்கள். சிரிக்காதீர்கள், கரையோர வீடுகளில் இந்த ஐந்து ரூபாய் ரப்பர் எத்தனையோ "செத்த" மெஷினை எழுப்பியிருக்கிறது. தேதி ஒவ்வொரு தடவையும் பழைய வருஷத்துக்குப் போய்விட்டால் அது சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி. பதினைந்து நிமிஷம் ஓடிப் படக்கென்று அணைந்தால் ப்ராசசர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஃபேனில் பஞ்சு அடைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டால் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் எழும்பவில்லை என்றால் சரி, போர்டு போயிற்று. மூன்றாவது, நாலாவது ஜெனரேஷன் போர்டு என்றால் இப்போது கிடைப்பது பழசைக் கழற்றியதோ, பெயர் தெரியாத தயாரிப்போதான். அதில் காசு போடுவதை "கூட வருமா" கேள்வியில் வைத்துப் பாருங்கள், பதில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

"இடி இடிச்சா மெஷின் போயிருமா? யுபிஎஸ் இருக்கே."

யுபிஎஸ் கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்கும், இடியைத் தாங்காது. சித்திரை கோடை மழையிலும் ஐப்பசித் துலாம் மழையிலும் வானம் முழங்கத் தொடங்கினால் ப்ளக்கைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். செம்புக் கம்பியில் இன்டர்நெட் வருகிற வீடுகளில் அதையும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது, ஆனால் அந்தப் பெட்டிக்குப் போகும் அடாப்டர் வழியாக வரலாம். 2017 நவம்பர் 30-இல் ஒகி அடித்துப் பல நாள் இருட்டில் கிடந்தோமே, அப்போது புயலில் போனதைவிட, கரண்ட் திரும்ப வந்து ஏறி இறங்கியதில் போன எஸ்எம்பிஎஸ்தான் என் மேசையில் அதிகம் குவிந்தது.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிக்க வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டையே பாதி வோல்ட்டேஜில் மிதக்க விடும். புது மெஷினுக்குப் பைசா எடுத்து வைப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள். இல்லாவிட்டால் புதியதும் பழைய வழியே போகும்.

"போர்டு நல்லாருக்கு. ப்ராசசர் மட்டும் மாத்தினா என்ன?"

சில சமயம் இது நல்ல யோசனைதான். எச்61 என்ற பழைய வகை போர்டில் இரண்டாவது ஜெனரேஷன் ஐ3 வைத்திருப்பவர், பழையது விற்கும் இடத்தில் ஐ5-3470 கிடைத்தால் மாட்டலாம், இரண்டு கோர் நாலு கோர் ஆகும். ஆனால் முதலில் பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புதியதை போர்டுக்கு அடையாளம் தெரியாது. அந்த போர்டில் 16 ஜிபிக்கு மேல் ராம் ஏறாது, எஸ்எஸ்டியும் பாதி வேகத்தில்தான் ஓடும் (அந்தப் பாதி வேகமே ஹார்ட் டிஸ்க்கைவிட எவ்வளவோ மேல்).

இவ்வளவும் செய்த பிறகும் விண்டோஸ் 11 பட்டியலில் அது வராது. அதனால் மிகச் சல்லிசாகக் கிடைத்தால் மட்டும். காசு கொடுத்துத் தேடிப் போகாதீர்கள்.

"திருவனந்தபுரத்துல ஆபீஸ்ல ஓடின மெஷின் பாதி விலைக்குக் கிடைக்குதாமே, வாங்கலாமா?"

என் வீட்டிலேயே அதுதான் இருக்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் போன்றவை கம்பெனிகளில் குளிர்ந்த அறையில் ஓடி வந்தவை, உழைப்பும் உறுதியும் நல்லது. எட்டாவது ஜெனரேஷனுக்குக் குறைந்து வாங்க வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும். ஐ5-8500 என்றால் ஆறு கோர், வீட்டுக்குத் தாராளம்.

ஒரு சங்கதி: இவற்றின் எஸ்எம்பிஎஸ், போர்டு இணைப்பு பல மாடல்களில் கம்பெனியின் சொந்த அளவு. எஸ்எம்பிஎஸ் போனால் நாகர்கோவில் கடையில் கிடைப்பதை மாட்ட முடியாமல் போகலாம். வாங்கும் இடத்தில் பில், குறைந்தது ஆறு மாச வாரன்டி கேளுங்கள். அங்கேயே ஆன் செய்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் நிலையைப் பாருங்கள், மஞ்சள் காட்டினால் டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் ஒரு பென்டிரைவைக் குத்திப் பார்த்துவிட்டே காசை எடுங்கள்.

"ராம் விலை ஏறிப்போச்சுங்காங்க. இறங்கினதும் வாங்கலாமா?"

2025 கடைசியில் இருந்து ராம் விலை எகிறியது உண்மை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சில்லுகள் மொத்தமாகப் போவதுதான் காரணம், எஸ்எஸ்டி விலையிலும் அதன் சூடு தெரிகிறது. எப்போது இறங்கும் என்று சொல்ல நான் ஜோசியன் இல்லை. இப்போதைக்கு ராம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய ஆபீஸ் மெஷின் இன்னும் லாபமாகத் தெரிகிறது. வேலை நின்றுகிடந்தால் காத்திருக்காதீர்கள். நிற்கவில்லை என்றால் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டுங்கள்.

"பையன் கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு கேக்கான். பழைய மெஷின்ல போடலாமா?"

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த 450 வாட் என்று இருந்தால் அதை நம்பி கார்டு போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுவதானால், இரண்டுமே "கூட வரும்" சாமான்தான், தப்பில்லை. பரீட்சை முடிந்ததும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

"எனக்கு டிடிபி தொழில். பேஜ்மேக்கர், பாமினி எல்லாம் புது மெஷின்ல வருமா? டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் இருக்கு."

இங்கேதான் நான் நிதானிப்பேன். பாமினி வெறும் எழுத்துரு, விண்டோஸ் 11-லும் ஏறும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதற்குப் பின் அந்த வரிசையில் வேறு பதிப்பு வரவில்லை. 32 பிட் மென்பொருள் என்பதால் ஓடும், ஆனால் அங்கங்கே முரண்டு பிடிக்கும். அதைவிடப் பழைய 16 பிட் மென்பொருள் எதுவும் 64 பிட் விண்டோஸில் ஓடாது, விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டும்தான் உண்டு. டாட் மேட்ரிக்ஸின் அகலமான இணைப்புக்குப் புது போர்டில் துளை இருக்காது. உள்ளே குத்தும் கார்டு ஒன்று போட்டால் வேலை நடக்கும். யுஎஸ்பி மாற்றிக் கேபிள் ஒரு இடத்தில் ஓடும், இன்னொரு இடத்தில் ஓடாது.

மார்த்தாண்டத்தில் கல்யாணக் கார்டு அடிக்கிற ஒருவருக்கு நான் செய்து கொடுத்தது இது: பழைய மெஷினில் எஸ்எஸ்டி போட்டு, இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி, பேஜ்மேக்கருக்கும் பிரின்டருக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டோம். மெயில், வாட்ஸப், பேங்க் எல்லாம் இன்னொரு மெஷினில். நெட் இல்லாததால் ஐந்தாவது பதிலில் சொன்ன அப்டேட் கவலையும் பெரிதாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஃபைல் கொண்டுபோகிற பென்டிரைவை மட்டும் வைரஸ் பார்த்துவிட்டுக் குத்த வேண்டும்.

"பழைய டிஸ்க்ல கல்யாண போட்டோ இருக்கு. மெஷினை வித்தா ஆபத்தா?"

முதலில் போட்டோவை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டிலோ கிளவுடிலோ. எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு இது இன்னும் முக்கியம். ஹார்ட் டிஸ்க் பல சமயம் சாகும் முன் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும், போனால் மீட்பதும் கஷ்டம்.

விற்பது என்றால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு விற்றுவிடுங்கள். வெறும் குயிக் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியாது, பட்டியல் மட்டும்தான் அழியும். கழற்றிய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

"எல்லாம் வாசிச்சாச்சு. ஐ3-4130, 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மோளு இந்த வருஷம் பத்தாம் கிளாஸ். என்ன செய்யணும், நேரா சொல்லுங்க."

நாலாவது ஜெனரேஷன், ஆகவே விண்டோஸ் 11 இல்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள், அது கூட வரும். அதில் விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றி ஒரு வருஷ நீட்டிப்பில் சேருங்கள். ராமுக்கு, பழைய சாமானில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 கிடைத்தால் மாட்டுங்கள், புதியதாகத் தேட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே விட்டுப் படம், போட்டோ வைத்துக்கொள்ளுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

இதற்குமேல் இந்த மெஷினுக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள், மவுஸ் கெட்டால்கூட வீட்டில் கிடக்கும் பழசைத் தேடுங்கள். 2026 அக்டோபர் வந்ததும் மின்ட் ஏற்றிப் பத்தாம் கிளாஸை ஓட்டிவிடலாம். பிளஸ் டூ முடித்து அவள் என்ன படிப்பு எடுக்கிறாள் என்று தெரிந்த பிறகு லேப்டாப் வாங்குங்கள், காமர்ஸுக்கு வேண்டியதும் கட்டட வரைபடப் படிப்புக்கு வேண்டியதும் வேறு வேறு. வாங்கும்போது ராமைப் போர்டிலேயே ஒட்டியிருக்கிறார்களா, கழற்றி மாற்ற இடம் இருக்கிறதா என்று மட்டும் கடையில் கேட்டுவிடுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாடல் எண்ணை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.